என் மகளுக்கு நான் பழக்கிய பயம்

மூதூரில் தனியாக இருந்த என் மச்சாள், கணவரின் அக்கா, விடாத இருமலோடு ஓர்ஸ் ஹில்லில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். சளியில் கிருமி தெரிந்ததால், காசநோய் என்று மருந்து தொடங்கினார்கள். என் மகளுக்கு மூன்று வயது. நான் பயந்துபோனேன். மச்சாளுக்குப் பின் அறையை ஒதுக்கினேன். சாப்பாட்டுக் கோப்பையைக்கூட வேறாக்கினேன். மகள் அந்தப் பக்கம் திரும்பினாலே, "மாமிக்குக் கிட்டப் போகாதை!" என்று அதட்டுவேன். அறைக்குள் இருந்த மச்சாளுக்கு அது கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

மாதக்கணக்கில் மருந்து குடித்தும் இருமல் குறையவில்லை. சளியிலிருந்த கிருமியை வளர்த்துப் பார்த்த முடிவு வந்த அன்று நானும் கிளினிக்குக்குப் போனேன்.

"இது காசநோய் இல்லை. அந்த இனத்துக் கிருமிதான், ஆனால் மண்ணிலயும் தண்ணியிலயும் இருக்கிறது. வேற மருந்து, ஒரு வருசத்துக்கு மேல குடிக்கவேணும்" என்றார் டொக்டர்.

"பிள்ளைக்குத் தொத்துமோ?" என்று மச்சாள்தான் முதலில் கேட்டார்.

"இல்லையம்மா, வீட்டில ஆருக்கும் தொத்தாது."

மச்சாள் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டு, "மாமியிட்டப் போங்கோ" என்றேன். அவள் கதவடியில் நின்று என்னையே பார்த்தாள். அசையவில்லை.

"விடுங்கோ, பிள்ளை பயப்பிடுறாள்" என்று மச்சாள் தன் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

புது மருந்தில் இருமல் மெல்லக் குறைகிறது. மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் தாய்தானே" என்றார். பயந்ததற்கு நான் வெட்கப்படவில்லை. அவர் காதில் விழும்படி அதட்டினேனே, அதுதான் இன்னும் சுடுகிறது.