மறைக்காமல் சொல்லச் சொன்ன அக்கா

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னவர் அக்காவின் கணவர், என் மச்சான். ஆடு வளர்ப்பவன் கையில் பேனாவா என்று அக்கா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். சிரிக்கட்டும்.

பேரையூருக்கு மேற்கே மானாவாரிக் காட்டை நம்பிய வீட்டில் மூத்தவராகப் பிறந்தார் அக்கா. நாங்கள் பள்ளியில் படிக்கும்போதே அப்பா தவறிவிட்டார். அம்மா களையெடுக்கப் போய் எங்களை வளர்த்தார். முதல் பேருந்தைப் பிடித்து மதுரைக்குப் போய் அக்கா புள்ளியியல் படித்தார். அது என்ன படிப்பு என்று ஊரில் கேட்டால், “பெரிய கணக்கு” என்று சொல்லிச் சமாளிப்பேன்.

அக்காவின் முதல் வேலை ஆட்டு ஆராய்ச்சியில். எந்தக் கிடாவுக்குப் பிறந்த குட்டிகள் அதிக நாள் தாக்குப்பிடிக்கின்றன என்று பார்த்து, அந்தக் கிடாவைப் பல ஊர்களுக்கு இனவிருத்திக்குக் கொடுப்பார்கள். எங்கள் ஆட்டுப்பட்டியும் அதில் இருந்தது. குட்டிக்கு ஒரு வரி: பிறந்த நாள், செத்த நாள், விற்றிருந்தால் விற்ற நாள்.

“வித்தது நம்மகிட்ட இல்லையேக்கா. அத எதுக்கு எழுதணும்?” என்றேன்.

“வித்த நாள் வரைக்கும் உசுரோட இருந்துச்சுல்ல? அம்புட்டும் கணக்குல வரும். அதுக்கு மேல தெரியாதுன்னு எழுதிக்கிருவேன். தெரியாதத செத்ததாவும் எழுதக் கூடாது, தூக்கியும் போடக் கூடாதுடா.”

அந்த ஆண்டு மழையில் என் கிடாவின் குட்டிகள் வரிசையாகச் செத்தன. நானே தூக்கி வளர்த்த கிடா அது. அதன் மேல் எனக்கு அப்படி ஒரு பெருமை. செத்த குட்டிகளையெல்லாம் ‘விற்றது’ என்று கை கூசாமல் எழுதிக் கொடுத்தேன்.

அக்கா நோட்டைப் புரட்டினார். “ஏன்டா, பால்குடி மறக்காத குட்டிய எந்தச் சந்தையில எவன்டா வாங்குனான்?”

ஆட்டைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

“இந்தக் கிடாவ நாலு ஊருக்குக் குடுத்திருப்பேனேடா, பாவி! எத்தன வீட்டுல குட்டி செத்திருக்கும்?”

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் புது நோட்டோடு வந்தார். “செத்தா செத்துச்சுன்னு சொல்லு” என்று மட்டும் சொன்னார். உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தி எழுதினேன்.

பிறகு மதுரையில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்து, மச்சானோடு ஆனையூரில் குடியேறினார். சிகிச்சை முடிந்து போனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று போனில் விசாரித்து எழுதும் வேலை. பலர் எடுக்க மாட்டார்கள்.

“எறந்தவங்க வீட்டுலதான்டா போன எடுக்குறதில்ல. அவங்களயும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா எந்த மருந்து கேக்கலன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?” என்று புலம்புவார். விடுமுறை நாளில் பேருந்து ஏறி அந்த வீடுகளைத் தேடிப் போவார். சில நாள் அழுத கண்ணோடு திரும்புவார்.

அதே நோய் அக்காவுக்கே வந்தது. மருத்துவர் மச்சானையும் என்னையும் தனியாக அழைத்து, ஒரு வருடம் என்றார். வெளியே வந்ததும் மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒங்க அக்காட்ட சொல்லிராத மாப்ள. தாங்க மாட்டா.” தலையாட்டினேன்.

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். “என்னடா சொன்னாரு?”

“ஒண்ணுமில்லக்கா. மாத்திர மாத்திக் குடுத்திருக்காரு.”

என் முகத்தையே பார்த்தார். “பால்குடிக் குட்டிய வித்த மூஞ்சிடா இது.”

உடைந்துபோய்ச் சொல்லிவிட்டேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். “ஒரு வருசம்னா, பாதிப் பேரு அதுக்குள்ள போயிருவாங்க. பாதிப் பேரு அதுக்கு மேலயும் இருப்பாங்க. நான் எந்தப் பாதின்னு அவருக்கும் தெரியாது. போ, ஒரு காப்பி வாங்கிட்டு வா.”

அதற்குப் பிறகு இரண்டு பொங்கல் பார்த்தார். நடக்க முடிந்தவரை வேலைக்கும் போனார். அந்த விசாரிப்புப் பட்டியலில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டு, என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். “ஒன் நம்பரத்தான் குடுத்திருக்கேன். ஒங்க மச்சான் எடுக்க மாட்டாரு. நீ எடுக்கணும்.” அவர் முகத்தைப் பார்க்காமல் சரிக்கா என்றேன்.

கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், மாதக்கணக்கில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த ஆனையூர்ப் பக்கத்து வீட்டாருக்கும், ஊரிலிருந்து ஓடி வந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. என்னை மன்னித்த மச்சானுக்கு நானும்.

முகம் தெரியாத இன்னொருவரும் உண்டு. காரியம் முடிந்த மறுநாள் பட்டியில் நின்றேன். போன் அடித்தது, மருத்துவமனை எண். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எடுக்காவிட்டால் அந்தக் கணக்கில் அக்கா இறந்தவராக ஆகவே மாட்டார். சத்தியமாக அந்த ஆசை எனக்கு வந்தது.

எடுத்தேன். “அண்ணே, சிகிச்சை எடுத்தவங்க இப்ப எப்படி இருக்காங்க?” புதிதாகச் சேர்ந்த பெண் போல, குரல் தயங்கியது.

“எறந்துட்டாங்கம்மா” என்றேன். நாளைச் சொன்னேன். நேரத்தையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் பேனா கீறும் சத்தம் கேட்டது. பிறகு, “எழுதிக்கிட்டேண்ணே” என்றார்.

— தம்பி