மூன்றாவது ஓலை

எங்கள் சபையில் நல்ல மூப்பர் யார் என்று கேட்டால் தேவதாஸ் அண்ணன் பெயரைத்தான் சொல்வேன். அவரை மூப்பர் பெஞ்சிலிருந்து இறக்கியே ஆகவேண்டும் என்று போதகர் வீட்டில் முதல் ஆளாகப் போய் நின்றவளும் இந்த ஆயம்மாதான். சிரிக்காதீர்கள், முழுசாகக் கேளுங்கள்.

அண்ணன் மில்லில் தறி ஓட்டுகிறவர். நான் அதே மில்லில் நூல் சுற்றுகிறவள். எங்கள் சபையில் பாதி மில் ஜனம்தான். அண்ணனுக்குப் பாட்டு சுத்தமாக வராது. அவர் கீர்த்தனை எடுத்தால் ஆர்மோனியக்காரர் கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பார். வேதத்திலும் கரை கண்டவர் இல்லை. ஆனால் யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும், வேலை முடிந்து மில் சங்கு ஊதிய கையோடு, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் வந்து நிற்பார். ஜெபத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டு, கஞ்சி குடித்தீர்களா என்று கேட்பார். இரண்டு வீட்டுக்குள் சண்டை என்றால் இரு பக்கமும் திட்டித் தீர்க்கும்வரை உட்கார்ந்து கேட்பார்; போகும்போது குடையை மறந்து வைத்துவிட்டுப் போவார். அதை எடுக்கிற சாக்கில் மறுநாளும் வருவார்.

பிரெஞ்சுக்காரர் எங்கள் ஊரை விட்டுப் போன நாலாவது வருஷம் என் மகள் வசந்தாவுக்கு மாப்பிள்ளை பார்த்தேன். புருஷன் இல்லாதவள் நான்; பெண்ணுக்குப் பத்தொன்பது முடிந்துவிட்டது. அண்ணன்தான் வரன் கொண்டுவந்தார். உழவர்கரையில் இருந்த அவருடைய சொந்த அக்கா மகன். குடி கிடையாது, கையில் வேலை உண்டு. அன்றைக்கே சரி என்றேன். வசந்தாவைக் கேட்கவில்லை. என்னை மட்டும் யார் கேட்டார்கள்? மேரி என்கிற நகராட்சி அலுவலகத்தில் கல்யாணப் பதிவுக்கு நாளும் குறித்தாயிற்று.

கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லலாம் என்பார் போதகர். யாரும் எழுந்து சொன்னதாக எனக்கு நினைவில்லை. இரண்டு ஓலை நல்லபடியாகப் போயின. மூன்றாவது ஞாயிறு வாசித்து முடித்ததும் போதகர் எல்லோரையும் மௌனமாக ஜெபிக்கச் சொன்னார். நான் கண்ணைத் திறந்தபோது, சபையைப் பார்த்தபடி போட்டிருந்த மூப்பர் பெஞ்சிலிருந்து தேவதாஸ் அண்ணன் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"எனக்குத் தடை இருக்குதுங்க ஐயா," என்றார்.

அவருடைய அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். போதகர் காரணம் கேட்டார்.

"பொண்ண ஒரு வார்த்த கேக்காம நான்தான் இத முடிச்சேன். தப்பு எம்மேல. இது வேணாங்க."

அவ்வளவுதான். யார் யாரோ எப்படி எப்படியோ கேட்டும் அதற்குமேல் வாயே திறக்கவில்லை. கல்யாணம் நின்றது. மூன்றாம் ஓலையில் நின்ற பெண்ணை இனி எவன் கட்டுவான்? மில் வாசலில் அவரை மறித்து நான் ஏசிய ஏச்சை இங்கே சொல்ல முடியாது. அவருடைய அக்கா அவர் வீட்டு வாசல் மிதிப்பதையே விட்டாள். மூப்பர் பெஞ்சிலிருந்தும் இறக்கினோம். மனுஷன் கடைசி வரிசையில் உட்கார்ந்து அதே கட்டைக் குரலில் பாடிக்கொண்டிருந்தார். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

நாலு மாதம் கழித்து ஒருநாள், நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது வசந்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்து தானாகவே சொன்னாள். அந்தப் பையனைப் பார்த்த நாளிலிருந்தே அவளுக்குப் பிடிக்கவில்லையாம். என்னிடம் சொல்லப் பயமாம். மூன்றாம் ஓலை அன்று, யாராவது வேண்டாம் என்று சொல்ல மாட்டார்களா என்று கர்த்தரிடம் கெஞ்சினாளாம்.

"சத்தமே வரலம்மா, ஒதடுதான் அசஞ்சிது. அதுக்கே கர்த்தர் கேட்டுட்டாரு," என்றாள்.

எனக்குச் சுரீர் என்றது. தறிக்கூடத்து இரைச்சலில் காது எதற்கும் உதவாது. அங்கே வருஷக்கணக்கில் நின்றவர்கள் எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார்கள். அதில் அண்ணன் பலே ஆள். கர்த்தர் கேட்டாரோ என்னவோ, அண்ணன் பார்த்துவிட்டார்.

மறுநாள் ஷிப்ட் விட்டதும் அவரைப் பிடித்துக்கொண்டேன். மறுக்கவில்லை. ஜெப வேளையில் கண்ணைத் திறந்து வைத்திருந்தது தப்புதான் என்று தலையைச் சொறிந்தார். வசந்தாவிடம் மட்டும் சொல்லிவிடாதே, அவள் கர்த்தரிடம் கேட்டதாகவே இருக்கட்டும் என்றார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. வீட்டுக்கு வந்து என்னிடம் காதோடு சொல்லியிருக்கலாமே, அக்காவையும் பகைத்துக்கொண்டு ஊர் வாயில் ஏன் விழுந்தீர்கள் என்று கேட்டேன்.

"ஊட்டுக்கு வந்து சொல்லியிருந்தா நீ அவள அடிச்சிருப்ப ஆயம்மா. இப்ப என்னத்தான திட்டுன."

அடித்துத்தான் இருப்பேன்.