பல்லில் கவ்விய பறி

அம்மா போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் ஊர் மக்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். அட்டையில் ஏன் வாக்காளர் அட்டைப் படம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அம்மா பிறந்தது ஆரம்பாக்கம் பக்கம், ஏரிக்கரையில். சின்ன வயதிலேயே தண்ணீரில் இறங்கினார். படகு கிடையாது, வலை கிடையாது. கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார். பிடித்ததைப் போட ஓலையில் பின்னிய கூடை, அதுதான் பறி. கை இரண்டும் சேற்றில் இருந்தால் பறி எங்கே இருக்கும்? பல்லில்தான். கரையேறும்வரை வாய் பேச முடியாது.

ஏரி வற்றினால் சட்டி பானையோடு கரை கரையாக நடப்பார். எங்கள் மூன்று பேரையும் மூன்று ஊரில் பெற்றார். நைனா சீக்கிரம் போய்விட்டார். அதன்பிறகு அனுப்பம்பட்டில் ரயில் ஏறி, மீஞ்சூரில் இறால் விற்றார். ஈரப் புடவை, இறால் வாடை. பக்கத்தில் யாரும் உட்கார விடவில்லை. வாசல் ஓரம் நின்றே போனார், நின்றே வந்தார். யாரிடமும் கை நீட்டவில்லை.

இந்தப் பயணங்களைக் குழந்தைகளுக்குப் படப் புத்தகமாகப் போடுகிறோம் என்று சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்தார். மூன்று நாள் இருந்தார். கேட்டதெல்லாம் அம்மா சொன்னார். அந்த வயதிலும் தண்ணீரில் இறங்கி, பறியைக் கவ்விக் காட்டினார். மேடம் கண்ணால் பார்த்தார்.

புத்தகம் வந்தது. தம்பி படித்துக் காட்டினான். ரயில் படத்தில் அம்மா ஜன்னல் ஓர சீட்டில் உட்கார்ந்து மேகம் பார்க்கிறார். "பரவால்லடா, இப்பவாச்சும் சீட்டு குடுத்தாங்களே"ன்னு அம்மா சொன்னார். எல்லோரும் சிரித்தோம். அடுத்த பக்கம் ஏரி. இடுப்பில் பறி. வாய் நிறைய வெள்ளைப் பல். பாட்டு வேறு பாடுகிறார். அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"இது யாரு?"ன்னு கேட்டார்.

மேடத்துக்குப் போன் போட்டேன். பல்லால் கவ்வுவது பார்க்க நன்றாக இருக்காதாம். குழந்தைகள் புத்தகமாம். அருவருப்பாகிவிடுமாம். அன்று வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை. அந்தப் பல்லில் தொங்கியதை விற்றுத்தான் நாங்கள் மூன்று பேரும் சோறு தின்றோம். எங்களுக்கு அருவருப்பு இல்லை. கண்ணால் பார்த்ததை மறைக்க இவர் யார்?

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, முன்பல் எப்படிப் போனது என்று கேட்டார். "இறால் துன்னுடுச்சி"ன்னு அம்மா சொன்னார். அப்புறம் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"அந்தப் படத்துல வாயில பறிய வெக்கச் சொல்லுடி."

மறுநாள் போய்விட்டார். அம்மா கேட்டதைப் போனில் சொன்னேன். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார் மேடம். அடுத்த பதிப்பு வரவில்லை.

மலர் அட்டைக்கு அந்தப் படமே இருக்கட்டும், கலராக இருக்கிறது என்றார் சித்தப்பா. வேண்டாம் என்றேன். வாக்காளர் அட்டையில் அம்மா வாயை மூடியிருக்கிறார். அதுவே சரி.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அந்தப் புத்தகம் பத்து இருக்கிறது. பேனாவோடு போனேன். புத்தகத்தில் கிறுக்கலாமா என்று டீச்சர் தடுத்தார்.

"கிறுக்கல டீச்சர். உட்டுப்போனதைப் போடறேன்."

அவரே பத்தையும் எடுத்து மேசையில் வைத்தார். பத்திலும் போட்டேன். பறி வந்ததும் அந்தச் சிரிப்பு மறைந்தது. அதற்குப் பிறகுதான் அம்மா முகம் தெரிந்தது.

அம்மாவைக் குளிப்பாட்டி விட்ட நர்ஸம்மாவுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் ஆட்டோ எடுத்துவந்த எதிர்வீட்டு அண்ணனுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், இன்று படையல் சமைத்த அத்தைமாருக்கும் எங்கள் நன்றி.

ஒன்று கேட்கிறேன். அந்தப் புத்தகம் உங்களில் பல பேர் வீட்டில் இருக்கிறது. பறி எப்படி இருக்கும் என்று இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் வரைந்திருக்கிறேன். எனக்கு வந்த அளவுக்குத்தான். வீட்டுக்குப் போனதும் ஏரிப் பக்கத்தை எடுத்து, அம்மா வாயில் அதைப் போடுங்கள். நீலப் பேனா போதும்.