பாட்டு பத்திரமாக இருக்கிறது

புளியந்தீவிலிருந்து கல்லடிக்கு வீடு மாறினோம். குடும்பப் படங்களும், மாமனார் இறப்பதற்கு முன் பேசிய ஒரே வீடியோவும் இருந்த கணினிப் பெட்டியை, எங்கள் வீட்டுச் சேர்வரை, கைக்குழந்தைபோல் மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தேன். பால் காய்ச்சும்போது பிள்ளையார் பாட்டுப் போடலாமென்று பென்டிரைவைச் செருகிவிட்டு சுவிட்சைப் போட்டேன். சேர்வர் எழும்பவில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி மட்டும் நின்றது.

"பதறாதீங்க, தெரிஞ்ச ஆரையாவது கூப்பிடுங்களன்," என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியாததா?" என்றேன். இணையத்தைப் பார்த்து எல்லாவற்றையும் புதிதாக நிறுவத் தொடங்கினேன். 'டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழியும், சம்மதமா?' என்று திரை மரியாதையாகக் கேட்டது. கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு வேகமாகச் சம்மதிக்கவில்லை.

மறுநாள் வந்த கணினி திருத்துபவர் தலையில் கைவைத்தார். "அண்ணே, சேர்வர் அந்தப் பென்டிரைவில இருந்து எழும்பப் பாத்திருக்கு. அதக் கழட்டியிருந்தாப் போதுமே!"

மனைவி பென்டிரைவை எடுத்து என் கையில் வைத்தாள். "அப்பாட குரல் போயிற்று. பாட்டு மட்டும் பத்திரமா இருக்கு, என்ன?"

இப்போது திரை எதைக் கேட்டாலும் அவளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறேன். புதிதாகச் சேமிக்கும் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி களுதாவளையில் தங்கை வீட்டிலும் இருக்கிறது. மாமாவின் குரல்தான் எங்கும் இல்லை.