போட வந்த கப்பல்

அமெரிக்காக்காரன் கப்பல் சீக்கிரம் வந்து சேரவேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டவள் நான். அதுவும் எழுபத்தொன்றாம் வருசம், பாகிஸ்தானோடு சண்டை நடந்துகொண்டிருந்த நேரத்தில். அப்போது எனக்கு எட்டு வயசு. மூன்றாம் வகுப்பு.

சங்கரன்கோவிலில் நாங்கள் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் கோதுமை உப்புமா போடுவார்கள். மூட்டையில் இரண்டு கை குலுக்கிக்கொள்கிற மாதிரி படம் இருக்கும். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது என்று டீச்சர் சொல்லியிருந்தார்கள். சமயத்தில் வண்டு கிடக்கும். எடுத்து எறிந்துவிட்டுத் தின்போம். அந்த வருசம் தீபாவளி கழிந்து மூட்டை வரவில்லை. நாம் ரஷ்யாக்காரனோடு சேர்ந்துகொண்டோம், அந்தக் கோபத்தில் அமெரிக்காக்காரன் அனுப்பமாட்டேன் என்கிறான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நெசமோ பொய்யோ, உப்புமா நின்றது மட்டும் எனக்குத் தெரியும்.

உப்புமா நின்ற மறுவாரம் முப்பிடாதியும் நின்றுவிட்டாள்.

முப்பிடாதி வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள். நான் வாயே திறக்கமாட்டேன். டீச்சர் கேள்வி கேட்டால் விடை தெரியும், ஆனால் தொண்டையை விட்டு வெளியே வராது. அதை நான் அவள் காதில் சொல்ல, அவள் எழுந்து நின்று பள்ளிக்கூடமே கேட்கிற மாதிரி சொல்லுவாள். என் படிப்பும் அவள் தொண்டையுமாக இரண்டு வருசம் ஓட்டிவிட்டோம். "சோறு போட்டாப் பள்ளிக்கூடம், போடலன்னா ஆடு" என்று அவள் அம்மா சொல்லிவிட்டாள். முப்பிடாதி ஊருணிக்கரையில் பதினோரு ஆட்டோடு நின்றாள். என் பக்கத்து இடம் காலியாகக் கிடந்தது. பேசுவதற்கு எனக்கு வேறு ஆள் கிடையாது.

எங்கள் மாமா, அம்மாவுக்குத் தம்பி, பஜாரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். கடையில் ஒரு ரேடியோ உண்டு. சண்டை தொடங்கியதிலிருந்து சாயங்காலச் செய்திக்குக் கடை நிறைய ஆள். செய்தி முடிந்ததும் இவர்கள் சண்டை தொடங்கும். கார்த்திகை மாசக் கடைசியில் ஒரு நாள் மாமாவுக்குக் காப்பி கொண்டுபோய், தூக்குவாளியோடு ஓரமாக நின்றேன்.

"கேட்டியளா, அமெரிக்காக்காரன் கப்பல அனுப்பிட்டான்" என்றார் மாமா. "வங்காள விரிகுடாவுக்குள்ள வந்துட்டு இருக்காம்."

"எம்புட்டுப் பெருசு வே?" என்றார் பருத்திக்கடை அண்ணாச்சி.

"நம்ம கோயிலத் தூக்கி உள்ள வச்சிரலாமாம்."

"இங்கன எதுக்கு வாரான்?"

"எதுக்கு வாரான்? நமக்குப் போடத்தான் வாரான். அம்புட்டுத் தூரம் வந்தவன் போடாமப் போவானா? போதும் போதும்ங்கிற வரைக்கும் போடுவான்."

"தூத்துக்குடியிலதான் மொதல்ல போடுவான்" என்றார் ஒரு தையல்காரர். "துறைமுகம் அங்கனதான இருக்கு."

குண்டு என்கிற சொல் அன்றைக்கு யார் வாயிலும் வரவில்லை. வந்திருந்தால் எனக்கும் விளங்கியிருக்கும். வேறு பிள்ளையாக இருந்தால் "என்னத்தப் போடுவான் மாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கும். நான் கேட்கிற பிள்ளை இல்லை. எனக்குத் தெரிந்து கப்பலில் கொண்டுவந்து போடுகிற சாமான் ஒன்றே ஒன்றுதான். சரி, கோபம் தீர்ந்துவிட்டது போல, மூட்டையோடு வருகிறான் என்று நினைத்துக்கொண்டேன். இவர்கள் ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் விளங்கவில்லை. பெரியவர்களுக்கு உப்புமா பிடிக்காது, அதனால்தான் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

விடிந்ததும் ஊருணிக்கரைக்கு ஓடினேன்.

"ஏட்டி, நெசமாவா?" என்றாள் முப்பிடாதி.

"எங்க மாமா சொன்னாவ. ரேடியோவுல வந்துச்சாம். கோயில விடப் பெருசாம் கப்பல்."

"அப்படின்னா பால் பவுடரும் வரும்" என்றாள்.

நான் அவள் ஒருத்தியிடம்தான் சொன்னேன். ஆனால் அது முப்பிடாதி. சாயங்காலத்துக்குள் ஆடு மேய்க்கிற பிள்ளை, பருத்தி எடுக்கப் போகிற பிள்ளை, தம்பிப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அலைகிற பிள்ளை எல்லோருக்கும் சேதி போய்விட்டது.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்து முற்றத்தில் நிற்க இடமில்லை. படிப்பை விட்டு நின்றுபோன பிள்ளைகள் எல்லோரும் தட்டோடு வந்திருந்தார்கள். முப்பிடாதி எண்ணெய் தேய்த்துச் சீவி, கஞ்சி குடிக்கிற கும்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு மூன்று தாய்மார் கைப்பிள்ளையோடு வெளியே காத்திருந்தார்கள். எங்கள் ஹெட்மாஸ்டர் பெரிய சாருக்கு ஒரே சந்தோசம். சண்டை நேரத்தில் நாட்டுக்காக ஜெபம் பண்ணப் பிள்ளைகள் திரண்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் போல.

"எல்லாரும் கண்ண மூடுங்க" என்றார். "அமெரிக்கக் கப்பல் வந்த வழியே திரும்பிப் போகணும்னு வேண்டிக்கோங்க."

நாங்கள் கண்ணை மூடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கப்பல் திரும்பினால் முப்பிடாதியும் திரும்பிவிடுவாளே. கண்ணை இறுக்க மூடி, 'ஆண்டவரே, சார் சொல்லுததக் கேட்டுராதேயும், கப்பல் வரட்டும்' என்று வேண்டினேன். பக்கத்தில் முப்பிடாதி கையைத் தூக்கிவிட்டாள்.

"சார், கப்பல் திரும்பிப் போச்சுன்னா நமக்கு உப்புமா யாரு போடுவா?"

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"கப்பல் உப்புமா போட வருதுன்னு யாரு சொன்னா?" என்று கேட்டார் பெரிய சார்.

"இவ மாமா" என்று என்னைக் காட்டினாள். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்தக் கும்பாவுக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது எனக்கு.

மாமாவுக்கு ஆள் போனது. வந்து விசயத்தைக் கேட்டவர், பள்ளிக்கூட மணித் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே வரிசையைப் பார்த்தார். தட்டு, கும்பா, நசுங்கின போணி, ஒரு பிள்ளை கையில் வெறும் வாழையிலை. அப்புறம் அவர் சிரிக்கவில்லை.

"அவன் போடுதது இருக்கட்டும் சார்" என்றார். "இன்னைக்கு நாம போடுவோம்."

கடைக்குப் போய் இருந்த ஏழு சைக்கிளையும் வெளியே எடுத்தார். செய்தி கேட்க வருகிற ஆட்களை ஒவ்வொருவராகப் பிடித்து ஏற்றினார்.

"நேத்து வாயாலயே கப்பலக் கவுத்தியளே, இப்பம் காலால மிதிங்க."

"நானுமா வே? எனக்கு மூட்டுவலி" என்றார் பருத்திக்கடை அண்ணாச்சி.

"அமெரிக்காக்காரன் வாரான், ஒமக்கு மூட்டுவலியா? ஏறும்."

நாலு பேர் பனவடலிசத்திரம் பக்கம், மூன்று பேர் கரிவலம்வந்தநல்லூர் பக்கம். ஊர் ஊராகத் தானியம் கேட்டுப் போனார்கள். கப்பலுக்கு எதிராக என்று சொன்னதும் வெள்ளாமை பண்ணுகிற சம்சாரிகள் ஏன் எதற்கு என்று கேட்காமல் அளந்து போட்டார்களாம். மத்தியானம் கேரியரில் கம்பும் சோளமும் பாசிப்பயறுமாக மணியடித்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள். அண்ணாச்சி ஒரு பரங்கிக்காயை மடியில் கட்டிக்கொண்டு கடைசியாக வந்தார். எங்கேயோ விழுந்திருக்கிறார், வேட்டியெல்லாம் கரிசல் மண். பரங்கிக்காய்க்குக் கீறல் இல்லை.

வெளியே நின்ற தாய்மார் உரலைக் கொண்டுவரச் சொல்லிக் கம்பு குத்தினார்கள். கம்பஞ்சோறு இறக்கும்போது மூன்று மணி. பயறும் பரங்கிக்காயும் போட்ட குழம்பு. மாமாதான் அகப்பையோடு போட்டுக்கொண்டே வந்தார். முப்பிடாதி மூன்று தரம் வாங்கினாள். "ஏட்டி, இதுல வண்டு இல்ல" என்று என் காதில் சொன்னாள். அவள் மெதுவாகப் பேசுவது அதிசயம். வாய் நிறையச் சோறு இருந்ததால் சத்தம் வரவில்லை.

அன்றோடு நிற்கவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் சைக்கிள் போய்வந்தது. அந்த மூன்று நாளும் பள்ளிக்கூடம், மற்ற நாள் ஆடு என்று அவள் அம்மா இறங்கிவந்தாள். அந்தக் கணக்கிலேயே நானும் அவளும் ஐந்தாம் வகுப்பு முடித்தோம்.

அந்த முதல் கம்பஞ்சோறு போட்ட சில நாளிலேயே சண்டை முடிந்தது என்று ரேடியோவில் சொன்னார்கள். பஜாரில் வேட்டுப் போட்டார்கள். மாமா ஒரு டப்பா ஆரஞ்சு மிட்டாயை அப்படியே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். கப்பல் ஒன்றும் பண்ணாமல் திரும்பிவிட்டதாம். பெரியவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அது எதைப் போட வந்தது என்று மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் காம்பவுண்டுச் சுவரில் ஏறி உட்கார்ந்து மிட்டாயைச் சப்பினோம்.

"பாவம்ட்டி" என்றாள் முப்பிடாதி. "கோயிலாட்டம் கப்பல் நிறைய ஏத்திக்கிட்டு வந்திருக்கான். இங்க ஒண்ணுமே போடல. அம்புட்டையும் என்ன செஞ்சிருப்பான்?"

நான் நன்றாக யோசித்துத்தான் சொன்னேன்.

"போற வழியில வேற ஊர்ப் பிள்ளைகளுக்குப் போட்டிருப்பான்."

அதைக் கேட்டதும் அவளுக்கு மனசு ஆறிவிட்டது. எனக்கும்தான். இரண்டு பேரும் நாக்கை நீட்டி, யார் நாக்கு அதிகச் சிவப்பு என்று பார்த்தோம்.