பாப்பாவுக்குத் தறியில் ஓர் இடம்

அம்மாவுக்கு இன்னொரு பெண் குழந்தை வேண்டும் என்று தீராத ஆசை. நான் ஒருத்தி இருந்தேனே என்பீர்கள். ஏழு வயதிலேயே அப்பா என்னைத் தறிக்கு எடுத்துக்கொண்டார். அம்மாவுக்குத் தலை வாரிவிடக்கூட நான் மிஞ்சவில்லை.

தம்பிக்குப் பிறகு இனிப் பிள்ளை பிறக்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் சென்னையில் ஓர் இல்லத்தில், ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்க எழுதிக் கொடுத்தார்கள். வீட்டைப் பார்க்க அங்கிருந்து ஓர் அம்மாள் வருவார், பிள்ளைகளையும் விசாரிப்பார் என்றதும் எங்களுக்குப் பயிற்சி தொடங்கியது.

"இருக்கிறதுல பாதி பாப்பாவுக்குன்னு சொல்லணும். வாயால சொன்னா பத்தாது, மனசு வரணும்" என்றாள் அம்மா.

ஒரு மாதம், வடையானாலும் வாழைப்பழமானாலும் பாதியை எடுத்துவைத்தோம். அதையும் தம்பியே தின்றுவிட்டு, "பாப்பா துன்னுட்டுச்சு" என்பான். நல்ல பசிக்காரப் பாப்பா!

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவே வேடிக்கை பார்க்க, அந்த அம்மாள் வந்தார். பாப்பாவுக்கு என்ன தருவாய் என்றார்.

"பம்பரத்துல பாதி" என்றான் தம்பி. அவர் சிரித்தார். எனக்குப் பொறுக்குமா? அவனைவிடப் பெரிதாகக் கொடுக்க வேண்டுமே!

அப்பா சேலையின் உடல் நெய்யும்போது, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கக் கரைக்கு ஊடை நூல் கொண்ட நாடாவை எறிபவள் நான். அந்த இடத்தில் தம்பியைக்கூட உட்கார விட்டதில்லை.

"எங்கூடத் தறியில குந்த வெப்பேம்மா. நானே கத்துக் குடுப்பேன். அப்பால அவளே கரை போடுவா."

காபி கொண்டுவந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"நீ ஸ்கூலுக்குப் போறதில்லையா?" என்றார் வந்தவர்.

"நாந்தான் தறிக்குப் போறனே!"

அவர் என் வலது கையைத் திருப்பி, விரலில் இருந்த காய்ப்பைத் தடவினார். மெச்சுகிறார் என்று நினைத்து இடது கையையும் நீட்டினேன்.

பிறகு ஒரு கடிதம்தான் வந்தது. அப்பா படித்துவிட்டு, "வேலைக்குப் புள்ள புடிக்கிறோமாம்" என்றார்.

"இன்னாடி இப்படிப் பண்ணிட்ட?" என்று அம்மா கையை ஓங்கினாள்.

"நீதானம்மா மனசு வரணும்னு சொன்ன?"

ஓங்கிய கை இறங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பா காத்துக்கினு இருக்காரு, போ" என்றாள்.

போனேன். ஒரு பிள்ளையைத் தறியில் உட்காரவைக்கக் கூடாது என்றுதான் அந்த இல்லத்துப் பெரியவர்கள் அத்தனை பேரும் கூடி முடிவெடுத்திருந்தார்கள். அது தெரியாமல், பாப்பாவுக்கு இந்த இடம் கிடைக்காமல் போனதே என்று நாடாவை எறிந்துகொண்டே அழுதேன்.