அட்டை சொன்ன மதிப்புரை

அவருக்கு 'அட்டை' என்று பட்டப்பெயர் வைத்தது கண்ணாடிக் கடையில் கல்லாவில் உட்காரும் பெண். அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டென்பதும், தான் எந்த அர்த்தத்தில் வைத்தாள் என்பதும் அவளுக்கு நன்றாகத் தெரியும். அவர் அதைப் புத்தக அட்டை என்றே எடுத்துக்கொண்டு பூரித்துப்போனார். ஒட்டிக்கொண்டால் உப்புப் போட்டால்தான் விடும் ஜீவன் ஒன்றுக்கும் அதே பெயர்தான் என்று அவரிடம் எடுத்துச் சொல்ல யாரும் துணியவில்லை. சொன்னால் புழுபூச்சிகளைப் பற்றி அவர் படித்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கேட்க வேண்டியிருக்கும்.

கடையில் அவருக்கு லென்ஸ் வெட்டும் வேலை. ஃபிரேமின் அளவுக்கு லென்ஸைத் தேய்த்து, விளிம்பை மழித்து, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னத் திருகாணியால் முடுக்கி, வந்தவர் காதில் மாட்டிப் பார்ப்பது வரை அவர் பொறுப்பு. வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் "இருங்க, லேசா இறுக்கித் தர்றேன்" என்று மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாரானால், அப்போதுதான் அன்று காலை முடித்த நாவல் ஆரம்பமாகும். வந்தவர் எழுந்து ஓடவும் வழியில்லை. கண்ணாடி இல்லாமல் அவருக்கு வாசல் எங்கே தெரியப்போகிறது?

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மனிதர் உண்மையிலேயே படிப்பார். படிக்காமலே படித்ததாகப் பேசுகிறவர்கள் ஊரெல்லாம் இருக்க, அவர் கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் முகவரி வரை படித்துவிட்டு, அதில் எழுத்துப்பிழை இருந்தால் அதற்கும் ஒரு அபிப்பிராயம் சொல்வார். இந்த வகைதான் என்றில்லை. துப்பறியும் கதை படிக்கும் வாரத்தில் எதிர்வீட்டுக்காரர் பையோடு கிளம்பினால் ஜன்னல் திரை விலகும். பேய்க்கதை வாரத்தில் குளியலறைக்குப் போகக்கூட மனைவி துணை வர வேண்டும். சரித்திர நாவல் என்றால் "யாரங்கே" என்று கூப்பிடாத குறைதான். மருத்துவ நூல் ஒன்று வீட்டுக்குள் வந்தபோது அதிலிருந்த நோய்கள் எல்லாம் அகர வரிசையில் அவருக்கு வந்து போயின. முன்னேற்ற நூல்களைப் படித்துவிட்டு விடியற்காலையில் கண்ணாடி முன் நின்று "நான் வெல்வேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். யாரை என்று அவரே முடிவு செய்திருக்கவில்லை.

சில அபிப்பிராயங்கள் கேட்கத் தகுந்தவை என்பதையும் மறைக்கக் கூடாது. சுயசரிதைகளைப் பற்றி அவர் சொல்வது: "எழுதுனவங்க எல்லாருமே நல்லவங்களா இருக்காங்க. அப்ப கெட்டதெல்லாம் யாருதான் செஞ்சது?" கவிதைத் தொகுப்புகளில் அச்சடித்த இடத்தைவிட வெள்ளை இடத்துக்குத்தான் காசு வாங்குகிறார்கள் என்பார். அதே வாயால் ஒரு சின்னக் கவிதையைச் சொல்லும்போது அவர் குரல் கம்மிவிடும். அந்த நேரத்தில் அவரைப் பிடிக்காமல் இருப்பது கஷ்டம். அடுத்த நிமிடமே அந்தக் கவிதையை ஏன் ரசிக்க வேண்டும் என்று விளக்க ஆரம்பிப்பார். பிடித்ததும் போய்விடும்.

இத்தனைக்கும் காது கொடுத்தவள் அவர் மனைவி. ஒரு மருந்துக் கிடங்கில் மேற்பார்வை வேலை. எந்த மருந்து எந்தத் தட்டில், எது எப்போது காலாவதி, எதைக் குளிரில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் மனதிலேயே இருக்கும். பகலெல்லாம் பெட்டிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, சாயங்காலம் புத்தகங்களைக் கேட்டுக்கொள்வாள். கல்யாணமாகிப் போன மகள்கூட அம்மாவின் போனுக்குத்தான் பேசுவாள். அப்பா எடுத்தால் ஒரு அத்தியாயம் கேட்காமல் வைக்க முடியாது.

அந்த வாரம் அவளுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. நிறுவனம் வேறொரு ஊரில் புதுக் கிடங்கு திறக்கிறது. அதற்கு அவளைத்தான் பொறுப்பாளராகப் போடுவதாகச் சொல்லி, சனிக்கிழமைக்குள் பதில் கேட்டார்கள். அவளுக்குப் போக ஆசை. இருபது வருடம் பெட்டி எண்ணியவளுக்கு இருக்காதா? அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அவர் கூட வருவாரா, மாட்டாரா.

திங்கட்கிழமை ஊர்ப் பெயரோடு விவரமாகச் சொன்னாள். அவர் அப்போது ஒரு போர் வரலாற்றில் இருந்தார். சேனை நகர்வதென்றால் முதலில் தண்ணீர் வசதியைப் பார்க்க வேண்டும் என்றார். மறுநாள் மறுபடி சொன்னாள். பயண நூல்களில் பொய் அதிகம் என்று பதில் வந்தது. புதன்கிழமையும் சொன்னாள். "ம்" என்றார். அந்த "ம்" எந்தப் பக்கத்துக்குச் சொன்னது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவர் அந்த வாரம் வேறொரு கவலையில் இருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் வாசகர் வட்டக் கூட்டம். பேச எடுத்திருந்தது நீல அட்டை போட்ட ஒரு நாவல். வட்டத்திலேயே அதற்கு ஒரே பிரதி. அதை வைத்திருந்த, தபால் இலாகாவில் ஓய்வுபெற்ற அம்மாள், இவரிடம் கொடுக்காமல் வேண்டுமென்றே இவர் மனைவியிடம் கொடுத்திருந்தாள். "முதல்ல நீங்க படிங்க. அவர் கைக்குப் போனா ஓரமெல்லாம் பென்சிலால கிறுக்கிடுவார்" என்று சொல்லியே கொடுத்தாள். மனைவியும் கிடங்கில் மதிய நேரத்தில் ஓரிரு பக்கமாகப் படித்துக்கொண்டிருந்தாள். இவருக்கோ போர் முடிந்தபாடில்லை. நாவலைக் கேட்டு வாங்கிப் படிக்க நேரமும் இல்லை, படிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள மனமும் இல்லை. மனைவியின் வாயைக் கிளறிக் கொஞ்சம் சரக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார்.

வியாழக்கிழமை சாப்பிடும்போது, அவள் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த நீல அட்டையைக் கண்ணால் காட்டிக் கேட்டார்.

"எப்படிப் போகுது?"

அவள் தலைகுனிந்து பரிமாறிக்கொண்டிருந்தாள். அவர் கண் காட்டியதைப் பார்க்கவில்லை. கேள்வி மட்டும் காதில் விழுந்தது. இத்தனை வருடத்தில் அவர் அவளைப் பார்த்துக் கேட்காத கேள்வி. கரண்டி அப்படியே நின்றது. கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் காட்டப் பிடிக்காமல், வீட்டில் எல்லாரும் செய்வதைப் போல ஜாடையாகப் பேசினாள்.

"எப்படிப் போகும்? ஒரு மனுஷர் பக்கத்துலயே உக்காந்திருக்கார். ஒருத்தி வாரம் பூரா கேட்டுக்கிட்டே இருக்கா. உலகத்துல இருக்கிறதுக்கெல்லாம் பதில் சொல்றார், அவளுக்குச் சொல்ல மாட்டேங்கறார். பேசிப் பேசியே அவளைத் தனியாளாக்கிட்டார். இனி என்ன, அவ பாட்டுக்குக் கிளம்பி..."

"முடிவை மட்டும் சொல்லிடாதே" என்று அவர் கையை உயர்த்தினார்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நல்ல வாசகி, தூண்டிவிட்டால் தேறுவாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமைக் கூட்டம் தையற்கடை மாடியில். பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. அட்டை எழுந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அன்று அபாரமாகப் பேசினார். அந்தக் கணவனைத் தோலுரித்தார். ஊருக்கெல்லாம் வாய் இருக்கிறது, வீட்டுக்குக் காது இல்லை, இப்படி ஒரு வறட்டு ஜென்மத்தை நாயகனாக வைக்க ஆசிரியருக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்டார். இரண்டு பேர் கைதட்டினார்கள். சூடு ஏறியது.

"என்னால ஏத்துக்க முடியாதது ஒண்ணுதான். அந்தப் பொண்ணு இவ்வளவு வருஷம் அவன்கூட இருந்தான்னு நம்பவே முடியல. முதல் அத்தியாயத்துலயே போயிருக்கணும்."

தபால் அம்மாள் நிதானமாகக் கேட்டாள், "நீங்க எந்தப் புத்தகத்தைச் சொல்றீங்க?"

"இதைத்தான். நீல அட்டை."

"இதுல பொம்பளையே கிடையாதேங்க. ஒரு கலங்கரை விளக்கக் காவலாளி, ஒரு நாய். அவ்வளவுதான் கதை."

வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்திருப்பார்கள். அவருக்கு உட்கார்ந்து பழக்கமில்லை. நாயை மனைவியின் குறியீடாக வாசித்ததாகச் சொன்னார். மாடியே சிரித்தது. தபால் அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில்தான் அவருக்கு மனைவியின் வியாழக்கிழமை முகம் ஞாபகம் வந்தது. அவள் அன்று புத்தகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கரண்டியைப் பார்த்துப் பேசினாள், கடைசியில் அவரைப் பார்த்தாள். அவர் அவசர அவசரமாகப் படியிறங்கினார். அவமானம் ஒரு பங்கு, பயம் மூன்று பங்கு.

வீட்டில் அவள் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தபால் அம்மா போன் பண்ணினாங்க. ரொம்ப நல்லாப் பேசினீங்களாம்."

"உன்னைத்தான் சொன்னேன்னு தெரியாம..."

"தெரியாததாலதான் நியாயமாப் பேசியிருக்கீங்க." குரலில் சூடு இல்லை. அதுதான் அவரை உலுக்கியது. "முதல் அத்தியாயத்துலயே போயிருக்கணும்னு எனக்குத்தான் தோணல. இன்னைக்கு மத்தியானம் சரின்னு சொல்லிட்டேன். கம்பெனியே ஒரு ரூம் தருது. அலமாரி வைக்க இடமில்ல. ஆளுக்கு இடமிருக்கு."

அவர் சுவரை அடைத்து நின்ற புத்தகங்களைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக யோசிக்காமல், மேற்கோள் இல்லாமல், மனதில் இருந்தது வெளியே வந்தது.

"நானும் வரேன்."

அவள் மடிப்பதை நிறுத்தினாள். முகம் ஒரு நொடி இளகியது. தலையணைக்கு அடியிலிருந்த போனை எடுத்தாள்.

"எந்த ஊருக்கு? பேரைச் சொல்லுங்க, இப்பவே உங்களுக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுடறேன்."

அவர் வாயைத் திறந்தார். நூறு நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய சேனை எந்தெந்த ஊர் வழியாகப் போனது என்று அவரால் வரிசையாகச் சொல்ல முடியும். இந்த ஊர் வரவில்லை. மூன்று நாள் சேர்ந்தாற்போல் அவள் சொன்ன பெயர், முதல் எழுத்துகூட வரவில்லை.

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.